பெட்டி கட்டினால்தான் பதவியா?

பொதுத்துறை வங்கிகளில் கிளார்க்காகச் சேர்ந்த பெண்கள் பலர் ஆபீசர் புரமோஷனுக்கு விண்ணப்பமே போடுவதில்லை. “அவங்களுக்கு ஆர்வமில்லை சார்” என்று சொல்லிவிடுவது சுலபம். ஆர்வத்துக்கென்ன குறைச்சல்? பதவியோடு டிரான்ஸ்ஃபரும் வருமே! மகன் பிளஸ் டூ, மாமியாருக்கு மூட்டுவலி. இந்த நேரத்தில் வெளியூர்க் கிளைக்குப் பெட்டி கட்ட முடியுமா? அதே ஆர்டர் கணவருக்கு வந்தால் வீட்டில் கேசரி கிண்டுவார்கள். 2013இல் ஸ்டேட் வங்கியின் முதல் பெண் தலைவரான அருந்ததி பட்டாச்சார்யா, குழந்தைகளையும் முதியோரையும் கவனிக்கப் பெண் ஊழியர்களுக்கு இரண்டாண்டு வரை விடுப்பு கொண்டுவந்தார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏன் பெண்களுக்கு மட்டும்? மாமியார் யாருடைய அம்மா? ஆண்களும் அந்த விடுப்பை எடுக்கட்டும். வங்கிகளும் முதல் புரமோஷனையாவது சொந்த மாவட்டத்துக்குள் கொடுத்துப் பார்க்கட்டும். விண்ணப்பங்கள் தானாகக் குவியும்.