சிரிப்பு யாருடைய செலவில்?

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பது நம் முன்னோர் மொழி. துன்பம் வரும்போதும் சிரிக்கச் சொன்னார் வள்ளுவப் பெருந்தகை. சிறுவனாக இருந்தபோதே வித்தைகள் கற்று, கயிற்றின் மேல் நடந்து காட்டி ஊர் மக்களை மகிழ்வித்தவர் தூய ஜான் போஸ்கோ. வேடிக்கையைத் தொடங்கும் முன் அவர்களோடு செபமாலை சொல்வார். ஆகவே சிரிப்பதும் வேடிக்கை பார்ப்பதும் பாவம் என்று எவரும் எங்களைப் பயமுறுத்த இயலாது.

பள்ளி ஆண்டு மலரில் தொலைக்காட்சியைப் பற்றி ஒரு கட்டுரை என்றதும், "கண் கெடும், படிப்புக் கெடும், நேரம் வீணாகும்" என்ற மூன்று குற்றச்சாட்டுகளைத்தான் எல்லாரும் எதிர்பார்ப்பர். அவற்றை எங்கள் பெற்றோர் நாள் தவறாமல் நினைவூட்டிவிடுவதால், இங்கே நாங்களும் எழுதித் தாளை வீணாக்கப் போவதில்லை. நாங்கள் தொலைக்காட்சியின் ரசிகைகள். நகைச்சுவைத் தொடர்களும், அதிசய வீரர்களின் கதைகளும், பண்டிகை நாள் சிறப்பு நிகழ்ச்சிகளும் எங்களுக்குப் பிடிக்கும். ரசிகைகளாக இருந்துகொண்டே ஒரு கேள்வியைக் கேட்க விரும்புகிறோம். நாம் பெறும் இந்த மகிழ்ச்சி யாருடைய செலவில் கிடைக்கிறது?

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொடங்கியது. சென்னைக்கு அது 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது. தெருவுக்கு ஒரு பெட்டி இருந்த காலத்தில், வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க அடுத்த வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்த கதையை எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. அதன்பின் அலைவரிசைகள் ஈசலாய்ப் பெருகின. இன்றோ அவையெல்லாம் கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டன. வயல் சூழ்ந்த சிற்றூராக இருந்த நம் சிறுசேரி இன்று கணினி நிறுவனங்களின் ஊராகிவிட்டது. இங்கே மாடி வீட்டில் இருப்பவரும், அம்மாடியைக் கட்டும் தொழிலாளியும் ஒரே நகைச்சுவைக் காட்சியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இத்தனை பேரை ஒன்றாகச் சிரிக்க வைக்கும் பெட்டி சாதாரணப் பெட்டி அன்று. அதனால்தான் அதன் கணக்கைச் சற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நகைச்சுவை. நகைச்சுவையில் இரண்டு வகை உண்டு என்பது எங்கள் எண்ணம். ஒன்று மேலே இருப்பவரைக் கீழே இறக்கிச் சிரிக்க வைப்பது. மற்றது கீழே இருப்பவரை இன்னும் மிதித்துச் சிரிக்க வைப்பது.

விஜய் தொலைக்காட்சியில் வந்த 'லொள்ளு சபா' முதல் வகை. நூறு பேரை ஒரே அடியில் வீழ்த்தும் பெரிய பெரிய கதாநாயகர்களின் படங்களை எடுத்து, அவற்றைத் தலைகீழாக்கிக் காட்டினார்கள். கேலிக்கு ஆளானவர் புகழின் உச்சியில் இருந்தவர். அதனால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை, நமக்கோ வயிறு வலிக்கச் சிரிப்பு! பண்டிகை தோறும் ஏதேனும் ஓர் அலைவரிசை ஒளிபரப்பும் 'திருவிளையாடல்' (1965) படத்தில் நாகேஷ் நடித்த தருமியையும் எண்ணிப் பாருங்கள். அவர் தம் வறுமையையும் தம் ஆசையையும் தாமே கேலி செய்துகொள்கிறார். நாம் சிரிக்கச் சிரிக்க அவர் மேல் நமக்கு அன்பு பெருகுகிறது. சிரித்து முடித்தபின் அவருக்குப் பரிசு கிடைக்க வேண்டுமே என்று மனம் ஏங்குகிறது. அதுவன்றோ நல்ல நகைச்சுவை!

இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. பருமனானவர் நடந்தால் நிலம் அதிர்வதுபோல ஓர் ஒலி. திக்கிப் பேசுபவர் வாய் திறந்தால் ஒரு சிரிப்பொலி. மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் அவமதித்தால் அது முழு நீளத் தொடர். 2007ஆம் ஆண்டு வெளிவந்த 'சிவாஜி' திரைப்படம் நாங்கள் பிறப்பதற்கு முன்னரே வந்தது. எனினும் தொலைக்காட்சியின் தயவால் அது எங்களுக்கும் பழக்கமானது. அதில் கருநிறப் பெண்கள் இருவரைக் கண்டு கதாநாயகனின் கூட்டம் அஞ்சி ஓடுவதுதான் நகைச்சுவை. அவர்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை.

தமிழ்ப் பாடத்தைக் கவனித்துக் கேட்ட எவரும் இவ்விடத்தில் திடுக்கிடுவர். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் மகளிருக்கு மரபு வழங்கும் பெயர்கள் அவை. தந்தையை இழந்து, நாட்டை இழந்து நின்ற அப்பெண்களுக்காகக் கபிலர் ஊர் ஊராய் அலைந்தார். சங்க காலத்துப் புலவர் தம் பொறுப்பாக ஏற்றுக் காத்த பெண்களின் பெயரை, நிறத்தைப் பழிக்கும் கேலிச் சொல்லாக மாற்றிவிட்டது ஒரு திரைப்படம். அந்தப் பெண்களின் தந்தையாக நடித்தவர், பொங்கலும் தீபாவளியும் வந்தால் பட்டிமன்ற நடுவராக நம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து நல்ல தமிழ் பேசிய பேராசிரியர் சாலமன் பாப்பையா. 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அப்பெரியவர் மீது எங்களுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. மதிப்பு இருப்பதால்தான் வருத்தமும் இருக்கிறது.

"விளையாட்டுக்குத்தானே! இதற்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பவர் உண்டு. திரையில் அது மூன்று நிமிட விளையாட்டு. மறுநாள் காலை அந்த வசனம் பேருந்தில் ஏறி, வகுப்பறைக்குள் நுழைந்து, ஒரு மாணவியின் பெயராகிவிடுகிறது. அவள் ஆண்டுவிழா நாடகத்தில் பின்வரிசையைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறாள். நிழற்படம் எடுக்கும்போது முகம் திருப்பிக்கொள்கிறாள். எல்லாரோடும் சேர்ந்து அவளும் சிரிக்கிறாள். சிரிக்காவிட்டால் கேலி கூடும் என்பது அவளுக்குத் தெரியும். நடிகருக்கு ஊதியம் கிடைத்தது, நமக்குச் சிரிப்புக் கிடைத்தது. விலை கொடுத்தவள் அவள் ஒருத்திதான்.

அடுத்து, அதிசய வீரர்கள். தூர்தர்ஷனில் 1997 முதல் 2005 வரை பறந்த 'சக்திமான்' எங்கள் அண்ணன்மார், அக்காமார் காலத்து வீரர். பத்திரிகையில் நிழற்படம் எடுக்கும் அப்பாவி கங்காதரராக இருப்பார். ஆபத்து என்றால் சுழன்று வந்து சக்திமானாகிவிடுவார். ஒவ்வொரு கதையின் முடிவிலும் குழந்தைகளுக்கு நல்லொழுக்கம் பற்றி ஒரு சிறு அறிவுரையும் உண்டு. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிச் சில குழந்தைகள் ஆபத்தைத் தேடிக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. அப்போது அவ்வேடம் பூண்ட முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். எங்களுக்குப் பிடித்தது அந்த இடம்தான். பறப்பதை எந்தப் படத்திலும் காட்டலாம். தம்மைப் பார்ப்பவர்மீது தமக்குப் பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொள்வதே பெரிய வீரம்.

சுட்டி டிவி வந்தபின், ஜாக்கி சான் தமிழ் பேசி நம் வீட்டுப் பிள்ளையானார். அக்கதையில் வரும் ஜேட் என்ற சிறுமி எங்களுக்கு மிகவும் நெருங்கியவள். "நீ இங்கேயே இரு" என்றால் அவள் ஒருநாளும் இருந்ததில்லை! மற்றக் கதைகளில் பெண்ணுக்கு உரிய வேலை மாடியிலிருந்து விழுவதும், வீரர் வந்து தாங்கும்வரை கூச்சலிடுவதும்தானே? இன்னொரு ஐயமும் எங்களுக்கு உண்டு. வீரரும் பகைவரும் மோதும்போது நான்கு மாடிக் கட்டடங்கள் சீட்டுக்கட்டாய்ச் சரிகின்றன. உலகம் காப்பாற்றப்பட்டது என்று கைதட்டுகிறார்கள். அந்தக் கட்டடத்தின் கீழே இட்லிக்கடை வைத்திருந்த அம்மாவின் கதி என்ன? மறுநாள் அந்த இடிபாட்டைக் கூட்டி அள்ளியவர் யார்? அதை எந்தத் தொடரும் காட்டுவதில்லை.

நம் ஊருக்குத் தெற்கே மாமல்லபுரத்தில், பல்லவர் காலச் சிற்பி இதற்குக் கல்லிலே விடை செதுக்கி வைத்திருக்கிறார். கிருஷ்ண மண்டபத்தில் கண்ணன் ஒரு கையால் மலையைத் தாங்கி நிற்கிறான். அதன் அடியில் ஓர் ஆயன் அமைதியாகப் பால் கறந்துகொண்டிருக்கிறான். பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. வீரத்தின் பயன், எளியவர் தம் அன்றாட வேலையை அச்சமின்றிச் செய்வதே என்று அக்காட்சி சொல்லாமல் சொல்கிறது. நகைச்சுவைக்கும் அங்கே இடம் உண்டு. பெரும்பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது. அதை நம்பி எலிகள் அருகிலே நிற்கின்றன! சிற்பி யாரைக் கேலி செய்கிறார் என்று கவனியுங்கள். போலிப் பக்தியைக் கேலி செய்கிறார். இளைத்த எலியை அல்ல.

சிற்பத்தில்தான் அத்தகைய வீரர் உண்டு என்று எண்ண வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னையும் புறநகரும் வெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவர்கள் தம் படகுகளைத் தெருக்களுக்குள் கொண்டுவந்து, சிக்கியவர்களை மீட்டனர். 2018இல் கேரள வெள்ளத்திலும் மீனவர்களே முன்னே நின்றார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், இதே கடற்கரையில் ஆழிப்பேரலையால் அடிபட்டவர்கள் அவர்கள். கடலிடம் இழந்தவர்களே பிறரை வெள்ளத்திலிருந்து காத்தார்கள். அவர்களுக்கு முதுகில் போர்வையும் இல்லை, பெயரில் ஒரு தொடரும் இல்லை.

இறுதியாக, பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சிகள். காலையில் மங்கல இசை, பின்பு பட்டிமன்றம், நடிகர் நடிகையரோடு உரையாடல், இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக ஒரு புதுப்படம் என்று வரிசை நீளும். வெளிநாட்டுக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளுள் எங்களுக்குப் பிடித்தது 1992இல் வந்த மிஸ்டர் பீனின் கிறிஸ்துமஸ் கதை. கடையிலிருக்கும் குடிலுக்குள் இராணுவ வண்டியையும் பழங்காலப் பேருயிரையும் நுழைத்து விளையாடுவார். வான்கோழிக்குள் தலையை விட்டுச் சிக்கிக்கொள்வார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வரும். ஆனால் அவர் தமக்குத் தாமே வாழ்த்து அட்டை எழுதி, வெளியே போய்த் தம் வீட்டுக் கதவின் வழியே போட்டு, வந்து வியப்போடு எடுத்துப் பார்க்கும்போது, அவருக்கு அட்டை அனுப்ப உலகில் எவரும் இல்லை என்பது உறைக்கிறது. மோதிரம் வரும் என்று காத்திருந்த தோழிக்கு, படம் மாட்டும் கொக்கியைத் தருகிறார். அவள் அழுதுகொண்டே வெளியேறுகிறாள். சிரிப்புக்கு நடுவே, பண்டிகை நாளில் தனித்திருப்பவரை நமக்குக் காட்டிவிடுகிறது அக்கதை.

நம் வீட்டிலும் அப்படித் தனித்திருப்பவர் ஒருவர் உண்டு. கூடத்தில் எல்லாரும் பட்டிமன்றம் பார்த்துக் கைதட்ட, அடுக்களையில் எண்ணெய்ச் சட்டி முன்னே நிற்கிறாரே, அவர்தான். "குடும்பத்தில் பெரிதும் உழைப்பவர் ஆணா, பெண்ணா?" என்பது போன்ற தலைப்பில் வாதம் நடக்கும்போது, அந்தக் குடும்பத்துப் பெண் தீர்ப்பைக் கேட்கக்கூட வருவதில்லை. விளம்பர இடைவேளையில் மட்டும் "அம்மா, இன்னும் இரண்டு வடை!" என்ற குரல் போகிறது. கணினிப் பூங்காவின் வாயிலில் காவல் நிற்பவருக்கும், இரவுப் பணிக்கு வண்டி ஓட்டுபவருக்கும் பண்டிகை நாளில் விடுமுறை கிடைப்பது அரிது. அவர்கள் வீட்டுப் பெட்டியின் முன்னே ஓர் இடம் காலியாகவே இருக்கிறது.

ஆகவே தொலைக்காட்சியை மூடிவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களாலும் அது ஆகாது! தோழியரே, நாம் செய்யக்கூடியது சிறிது உண்டு. நிறத்தையும் உடலையும் பழிக்கும் வசனம் வகுப்பறைக்கு வந்தால், அதை நம்மோடு நிறுத்திக்கொள்வோம், அடுத்தவளிடம் கடத்தாதிருப்போம். வீரர் கதை பார்க்கையில், காப்பாற்றப்பட்டவர் யார், விடுபட்டவர் யார் என்று தம்பி தங்கையரைக் கேட்போம். பண்டிகை நாளில் நாமும் அண்ணன் தம்பிகளும் அடுக்களை வேலையைப் பங்கிட்டு முடித்து, அம்மாவை நடு இடத்தில் அமர்த்தியபின் பட்டிமன்றம் பார்ப்போம். பெற்றோரே, நாங்கள் சிரிக்கும்போது அதட்டுவதற்கு முன், எதைக் கண்டு சிரிக்கிறோம் என்று அருகில் அமர்ந்து பாருங்கள். அருட்சகோதரியரே, ஆண்டுவிழா நாடகத்தில் கதாநாயகி வேடத்தை இவ்வாண்டு பின்வரிசைப் பெண்ணுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

விண்ணையும் மண்ணையும் படைத்தவர் உலகை மீட்க வந்தபோது பறந்து வரவில்லை. மாட்டுத் தொழுவத்தில், பிறர் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டிய குழந்தையாய் வந்தார். அவரை முதலில் காண அழைக்கப்பட்டவர்கள், அந்த இரவிலும் வேலையில் இருந்த இடையர்கள். வேலையில் இருப்பவரையும் அழைத்துச் சேர்த்துக்கொள்ளும் மகிழ்ச்சியே நம் வீடுகளில் ஒளிபரப்பாகட்டும்!