ஒரு நாள், நான்கு வினாக்கள்

விடுமுறை நாளை எவ்வாறு கழித்தீர்கள் என்று கேட்டால், ‘திரைப்படம் பார்த்தேன்’ என்று விடை கூறக் கல்லூரி ஆசிரியர் எவரும் சற்றே தயங்குவர். ஒரு படம் என்றால் பொறுத்துக்கொள்வார்கள். காலை தொடங்கி இரவு வரை நான்கு படங்கள் என்றாலோ வீட்டார் நகைப்பர். பெரியோர் முகம் சுளிப்பர். அவர்தம் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. கண்ணையும் காலத்தையும் ஒருங்கே கெடுக்கும் படங்கள் மலிந்த நாளில், பிள்ளைகளைப் பெற்றவர்கள் அஞ்சுவது இயல்பே. எனினும் எல்லாப் படங்களையும் ஒரே தராசில் இட்டு நிறுத்தல் முறையன்று. நூலகத்தில் நாள் முழுதும் அமர்ந்து படித்தவனை வீண்பொழுது போக்கியவன் என்று நாம் சொல்வதில்லை. நல்ல திரைப்பட விழாவும் ஒரு நூலகமே என்பதுதான் இக்கட்டுரையின் கருத்து.

அண்மையில் ஜப்பானியத் திரைப்பட விழா ஒன்றில் நான்கு படங்களை ஒரே நாளில் காணும் வாய்ப்புக் கிட்டியது. அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950), அவரே இயக்கிய ‘இக்கிரு’ (1952), யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ கதை’ (1953), கெய்சுகே கினோஷிதாவின் ‘இருபத்து நான்கு கண்கள்’ (1954) ஆகியவை அவை. நான்கும் சேர்ந்து ஒன்பது மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. நான்கும் ஐந்தே ஆண்டுகளுக்குள் பிறந்தவை. 1945இல் போரில் தோற்று, இரு நகரங்கள் அணுகுண்டால் அழிந்து, 1952 ஏப்ரல் வரை அந்நியப் படையின் ஆட்சியில் இருந்த ஒரு நாடு, எழுந்து நின்ற உடனே எடுத்த படங்கள். தனித்தனியே பார்த்தால் நான்கு கதைகள். ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரு சமுதாயம் தன்னைத்தானே நிறுத்திவைத்துக் கேட்டுக்கொண்ட நான்கு வினாக்கள்.

உண்மை சொன்னவர் யார்?

‘ராஷோமோன்’ எழுப்புவது முதல் வினா. காட்டில் ஒரு சாமுராய் கொலையுண்டு கிடக்கிறான். கொள்ளைக்காரன் ஒன்று கூறுகிறான். இறந்தவனின் மனைவி வேறொன்று கூறுகிறாள். குறிசொல்பவளின் வாய்வழி இறந்தவனே மூன்றாவதொன்று கூறுகிறான். கண்ணால் கண்ட விறகுவெட்டி நான்காவதொன்று கூறுகிறான். ஒவ்வொருவரும் தம் மானத்தைக் காக்கும் வகையில் நிகழ்ச்சியை வளைக்கின்றனர். ரியூனோசுகே அகுதாகவாவின் இரு சிறுகதைகளைக் கொண்டு அமைந்த இப்படம், 1951இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது. அதன் பின்னரே ஜப்பானியத் திரைக்கலையை உலகம் திரும்பிப் பார்த்தது.

இப்படத்திற்கும் தமிழுக்கும் ஓர் உறவு உண்டு. திரைப்பட விழா ஒன்றில் ‘ராஷோமோ’னைக் கண்ட வீணை எஸ். பாலசந்தர், அதன் தூண்டுதலால் 1954இல் ‘அந்த நாள்’ படத்தை இயக்கினார். பாடலோ நடனமோ சண்டையோ இன்றி ஒரு தமிழ்ப் படம் எடுக்க முடியும் என்று காட்டிய படம் அது. கதை நிகழும் களமும் நோக்கத்தக்கது. 1943 அக்டோபரில் ஜப்பானிய வானூர்தி சென்னையில் குண்டு வீசிய நாள்களில் அக்கதை நடக்கிறது. குண்டு வீசிய நாட்டின் கலைஞனிடமிருந்தே கதை சொல்லும் முறையைக் கற்று, அக்குண்டு விழுந்த ஊரின் கதையைச் சொன்னார் ஒரு தமிழர். ஒருவர் விழா அரங்கில் செலவிட்ட பொழுது, ஒரு மொழிக்கே வரவாயிற்று. விழா காண்பது வீண் என்போர்க்கு இதனினும் தக்க விடை வேண்டுவதில்லை.

வாழ்ந்தது எதற்காக?

‘இக்கிரு’ என்னும் சொல்லுக்கு ‘வாழ்தல்’ என்பது பொருள். நகராட்சி அலுவலகத்தில் முப்பதாண்டுகள் விடுப்பே எடுக்காமல் முத்திரை குத்திக்கொண்டிருந்த வதனாபே என்னும் முதியவர், தமக்கு இரைப்பைப் புற்றுநோய் என்று அறிகிறார். தம் குடியிருப்பின் நடுவே தேங்கிக் கிடக்கும் கழிவுநீர்ப் பள்ளத்தைத் தூர்த்துப் பிள்ளைகளுக்குப் பூங்கா அமைத்துத் தாருங்கள் என்று சில தாய்மார்கள் முன்பு கொடுத்த மனு, பிரிவு பிரிவாகச் சுற்றித் திரும்பியிருந்தது. எஞ்சிய சில மாதங்களில் அந்த ஒரு பூங்காவை அமைப்பதே தம் வாழ்வு என்று அவர் துணிகிறார்.

நாம் எதிர்பாராத இடத்தில் அவர் இறந்துவிடுகிறார், படமோ தொடர்கிறது. இழவு வீட்டில் கூடிய அதிகாரிகள், பூங்காவின் பெருமை யாருக்குரியது என்று வாதிடுகின்றனர். இரவு முற்ற முற்ற உண்மை வெளிப்பட, ‘இனி நாமும் அவரைப்போல் உழைப்போம்’ என்று குடிமயக்கத்தில் சூளுரைக்கின்றனர். மறுநாள் அலுவலகத்தில் பழைய கதையே நடக்கிறது. நல்லவர் ஒருவரைப் புகழ்ந்து பேசுவது எளிது. அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வது அரிது. இரங்கற் கூட்டங்கள் பல கண்ட நமக்கு இக்காட்சி வெறும் ஜப்பானியக் காட்சியாகத் தோன்றாது.

பெற்றோருக்கு என்ன செய்தோம்?

ஒனோமிச்சி என்னும் கடலோர ஊரிலிருந்து முதிய பெற்றோர் இருவர் தம் மக்களைக் காண டோக்கியோவுக்கு வருகின்றனர். மகன் மருத்துவர், மகள் ஒப்பனை நிலையம் நடத்துபவள். இருவருக்கும் நேரமில்லை. பெற்றோரை ஒரு வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைக்கின்றனர். போரில் மறைந்த மகனின் மனைவி நோரிக்கோ ஒருத்திதான் வேலைக்கு விடுப்பெடுத்து அவர்களுடன் இருக்கிறாள். ஊர் திரும்பியதும் தாய் இறக்கிறாள். இவ்வளவே கதை. கொடியவர் எவரும் இல்லை. உரத்த குரல் இல்லை. ஈமச் சடங்கு முடிந்த சற்று நேரத்தில், அம்மாவின் ஆடைகளுள் இன்னின்னவை எனக்கு வேண்டும் என்று மகள் கேட்கும் ஒரு வாக்கியம், ஆயிரம் கண்ணீர்க் காட்சிகளைவிட நம்மைச் சுடுகிறது.

ஓசுவின் படக்கருவி தரைக்கு அண்மையில், பாயில் அமர்ந்திருப்பவர் பார்ப்பது போன்ற தாழ்ந்த இடத்தில் அசையாது நிற்கிறது. காட்சிக்கும் காட்சிக்கும் இடையே புகைபோக்கிகள், கொடியில் உலரும் துணிகள், செல்லும் படகு ஆகியன தோன்றி மறைகின்றன. ‘இவை எதற்கு?’ என்று புதிதாய்ப் பார்ப்பவர் மயங்கலாம். அகப்பாடல் பயின்ற மாணவர் மயங்க வேண்டியதில்லை. கருப்பொருள்களைச் சொல்லி, நெஞ்சின் நிலையைச் சொல்லாமல் உணர்த்தும் இறைச்சியும் உள்ளுறையும் நாம் அறிந்தவைதாமே! இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. உலகின் மறுகோடியில் எடுத்த படத்தையும் திறக்கும் திறவுகோல் அது.

பிள்ளைகளுக்கு என்ன கற்பித்தோம்?

நான்காவது படம் ஆசிரியர்களுக்கென்றே எடுத்ததோ என்று எண்ணத் தோன்றும். சகாயே சுபோய் என்னும் பெண் எழுத்தாளரின் புதினம் அதற்கு மூலம். 1928இல் ஷோதோஷிமா தீவின் சிற்றூர்ப் பள்ளிக்கு மிதிவண்டியில் வருகிறார் ஓயிஷி என்னும் இளம் ஆசிரியை. முதல் வகுப்பில் பன்னிரு பிள்ளைகள். இருபத்து நான்கு கண்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல வறுமை சிலரைப் பள்ளியிலிருந்து பறிக்கிறது. போர் நெருங்குகிறது. மாணவர்களைப் போருக்கு ஆயத்தம் செய்யும் கல்வியைத் தம்மால் கற்பிக்க இயலாதென்று ஆசிரியை பணியிலிருந்து விலகுகிறார். போர் அவர் கணவரையும் மாணவர் சிலரையும் விழுங்குகிறது.

போர் முடிந்தபின் எஞ்சியவர்கள் கூடுகின்றனர். பார்வையிழந்து திரும்பிய மாணவன், சிறுவயதில் அனைவரும் சேர்ந்து எடுத்த நிழற்படத்தை விரலால் தடவி, இன்னார் இன்ன இடத்தில் நிற்கிறார் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறான். வகுப்பறையில் நம் முன் இருக்கும் கண்களை நாம் வருகைப் பதிவேட்டின் எண்களாகக் காண்கிறோமா, மனிதர்களாகக் காண்கிறோமா என்று அப்படம் ஆசிரியர் ஒவ்வொருவரையும் கேட்கிறது.

கேட்கப்படாத வினா

இந்நான்கு படங்களைப் புகழ்ந்து மட்டும் நின்றுவிடுதல் நடுநிலை ஆகாது. போரால் தாம் பட்ட துயரை இவை அறியும். தம் படையால் பிறர் பட்ட துயரைப் பேசுவதில்லை. 1942-43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியப் படை அமைத்த சயாம்-பர்மா இரயில் பாதையில், மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர் மாண்டனர். அவர்களின் விதவையரும் தாயரும் சிந்திய கண்ணீருக்கு, ஓயிஷி ஆசிரியையின் கண்ணீரில் பங்கில்லை. தமிழ் கற்போர் இப்படங்களைக் காணும்போது இதனையும் நினைத்தல் வேண்டும்.

ஆயின் வினாக் கேட்கப் பழகிய சமுதாயம் ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை. 1959 முதல் 1961 வரை மசாகி கோபயாஷி மூன்று பகுதிகளாக எடுத்த ‘மனித நிலை’ என்னும் ஒன்பதரை மணி நேரப் படம், மஞ்சூரியாவில் சீனக் கைதிகளை ஜப்பானியர் வதைத்து வேலை வாங்கிய கொடுமையை மறைக்காமல் காட்டியது. முதலில் தன் காயத்தைப் பார்த்த கண், பின்னர் தன் கையிலிருந்த குருதியையும் பார்த்தது. இலக்கியத்திற்கும் கலைக்கும் இதனினும் உயர்ந்த பணி ஏது?

நாம் செய்யத்தக்கது

‘இப்படங்கள் கைபேசியிலேயே கிடைக்குமே, விழா எதற்கு?’ என்று மாணவர் கேட்கலாம். கிடைக்கலாம், ஆனால் கைபேசியில் விரல் பொறுமை இழக்கிறது. ஓசுவின் அமைதியை ஒரு தட்டில் கடந்துவிடலாம். இருண்ட அரங்கில், முன்பின் அறியாத நூறு பேருடன் அமர்ந்திருக்கையில் அந்த அமைதியைக் கடந்துசெல்ல வழியில்லை. அதனுள் இருந்தே ஆகவேண்டும். பொறுமையாகப் பார்க்கும் பயிற்சியே பொறுமையாகப் படிக்கும் பயிற்சியும், பொறுமையாகப் பிறர் சொல் கேட்கும் பயிற்சியும் ஆகும்.

தடை ஒன்று உண்டு. இத்தகைய விழாக்களில் படத்தின் அடியில் ஓடும் எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. அவற்றை விரைந்து படிக்க இயலாத மாணவர் முதல் அரைமணியிலேயே சோர்ந்துவிடுவர். இங்கேதான் தமிழ்த்துறைக்குப் பணி இருக்கிறது. பருவத்திற்கு ஒரு நாள், ஒரு நாட்டின் படங்கள் இரண்டு. அவற்றிற்கு முன்பாக இரண்டு பக்க அளவில் தெளிந்த தமிழில் அறிமுகக் குறிப்பு. முடிவில் ஒரு மணி நேரம் கலந்துரையாடல். இவ்வளவே போதும். பெருஞ்செலவு இல்லை. எந்தப் படத்தைக் காட்டுவது என்று தேர்வதில் ஆசிரியர்களோடு பெரியோர்களும் அமரலாம். விலக்கத்தக்கதை விலக்கினால் மட்டும் போதாது, கொள்ளத்தக்கதைக் காட்டவும் வேண்டும் என்பதை அவர்கள் நம்மினும் நன்கறிவர்.

மாணவச் செல்வங்களே! உண்மை சொன்னவர் யார்? வாழ்ந்தது எதற்காக? பெற்றோருக்கு என்ன செய்தோம்? பிள்ளைகளுக்கு என்ன கற்பித்தோம்? தோற்று, பசித்து, சாம்பலில் நின்ற ஒரு நாடு இவ்வினாக்களைத் தன்னிடமே கேட்டது. வயிறார உண்டு, நிழலில் அமர்ந்திருக்கும் நாம் இவற்றைக் கேட்க ஒரு விடுமுறை நாளை ஒதுக்குவது மிகையாகாது.