நமக்குள் ஒரு வார்த்தை: இடாப்பில் பேர் இருக்கா, பெரியம்மா?



2025 மே மாதம் 6ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. உள்ளூராட்சித் தேர்தல் நாள். காலை ஏழு மணிக்கே எங்கள் பகுதிப் பாடசாலையில் வரிசை நீண்டுவிட்டது. மேல்கணக்கிலிருந்து ஒரு பெரியம்மா நடந்தே வந்திருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் றப்பர் பால் வெட்டியவர். அடையாள அட்டையைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தார். நான் சிரித்துக்கொண்டே வழிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்தபோது விரலில் மை இல்லை.

"பேர் இல்லையாம் புள்ள" என்றார்.

பழைய லயத்தை விட்டு மகனுடைய வீட்டுக்குக் குடிபோய் இரண்டு வருடமாகிறது. அது வேறு கிராம உத்தியோகத்தர் பிரிவு. பழைய இடத்தில் "இங்கே இல்லை" என்று யாரோ சொல்லிப் பெயரை வெட்டியிருக்கிறார்கள். புதிய இடத்தில் சேர்க்கச் சொல்ல யாரும் இருக்கவில்லை. அந்த இரண்டு வருடத்தில் வாக்குரிமையைப் பற்றி அந்தத் தோட்டத்தில் மூன்று கூட்டம் வைத்தவள் நான். புள்ளடி எப்படிப் போடுவது, சின்னத்தை எப்படிப் பார்ப்பது என்றெல்லாம் படம் காட்டி விளக்கினேன். இடாப்பில் பேர் இருக்கிறதா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. பெரியம்மா குடிபோனது எனக்கும் தெரியும். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், நமக்கு வாக்கு என்பது சும்மா வந்ததல்ல. 1931இல் இந்த நாட்டில் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தபோது தோட்டத்து மக்களில் ஒரு பகுதியினருக்கு மட்டுமே அது கிடைத்தது. இத்தனை வருடம் இங்கே இருந்தோம், இனியும் இருப்போம் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். 1937இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோது, தோட்டத்து லயங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளருக்குக் கிராமச் சபைத் தேர்தலில் இடமில்லாமல் போயிற்று. உள்ளூராட்சியின் கதவு நமக்கு முதலில் சாத்தப்பட்டது அப்போதுதான். பிறகு 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம். 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். பாராளுமன்ற வாக்கும் போயிற்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 1974, 1986, 1988 என்று துண்டு துண்டாகத் தீர்வு வந்து, மிஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நம்முடைய பெரியம்மா இளமை முழுவதும் நாடற்றவராக இருந்தவர். அப்படிப்பட்டவர் ஒரு கிறுக்கலில் மறுபடி பேரில்லாதவர் ஆகிவிட்டார்.

நம் சப்ரகமுவையில் இது கூடுதலாக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. நுவரெலியாவைப் போல நாம் ஒரே இடத்தில் திரளாக இல்லை. தெரணியகலை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை என்று கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறோம். ஒரு தோட்டம் இரண்டு மூன்று வட்டாரங்களுக்குப் பிரிந்துபோகிறது. லயத்துக்குத் தனி விலாசம் இல்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஒப்பீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வரவேண்டும். பதிகிறவர் சிங்களத்தில் எழுதுகிறார். இராசம்மா என்ற பெயர் இடாப்பில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருக்கும். வட்டாரத்தில் ஐம்பது வாக்கில் வெற்றி தோல்வி முடிவாகும் இடங்களில், ஒரு லயத்தின் பெயர்கள் விடுபட்டால் என்னவாகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இடாப்பு ஒவ்வொரு வருடமும் திருத்தப்படுகிறது. முன்பு யூன் முதலாம் திகதியை வைத்துக் கணக்கெடுத்தார்கள். 2021இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பெப்ரவரி முதலாம் திகதி. இடையில் 18 வயது நிறைகிற பிள்ளைகளுக்குத் துணை இடாப்பும் உண்டு. கிராம உத்தியோகத்தர் வரும் நேரம் நாம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்போம். வீட்டில் கிழவியும் சின்னப் பிள்ளையும்தான். ஆகவே வீட்டிலுள்ளவர்களின் முழுப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி சாமிப் படத்துக்குப் பின்னாலாவது வைத்துவிடுங்கள். திருத்திய இடாப்பு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது ஒரு நாள் போய்ப் பார்க்கவேண்டும். கையில் போன் உள்ள பிள்ளைகள் தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் பார்க்கலாம். பேர் இல்லாவிட்டால் அப்போதே உரிமைக் கோரிக்கை எழுதிக் கொடுக்கவேண்டும். தேர்தல் திகதி குறித்த பிறகு ஓடிப் பலனில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. செத்துப்போனவர்களின் பேர் இடாப்பில் அப்படியே கிடக்கும். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன நம் சகோதரிகளின் பேரும் கிடக்கும். 2025 தேர்தலிலும் வெளிநாட்டிலிருந்தபடி வாக்களிக்க வசதி இருக்கவில்லை. இந்தப் பேர்களில்தான் ஆள்மாறாட்டம் நுழைகிறது. யார் செத்தார், யார் குவைத்தில் இருக்கிறார், யார் கொழும்பில் கடையில் நிற்கிறார் என்று லயத்துப் பெண்களுக்குத் தெரிந்தது போல வேறு யாருக்குத் தெரியும்? வாக்களிப்பு நிலையத்துக்குள் கட்சி முகவர்களாக உட்காருபவர்கள் ஏன் எப்போதும் ஆண்களாகவே இருக்கவேண்டும் என்று நான் கேட்பதுண்டு. பேரை வாசிக்கும்போது முகத்தைப் பார்த்து "இது அவ இல்ல" என்று சொல்ல நம்மால் முடியும். உங்கள் பேரிலேயே யாரோ முந்தி வாக்குப் போட்டிருந்தால், பேசாமல் திரும்பி வராதீர்கள். தலைமை தாங்கும் அலுவலரிடம் அங்கேயே சொல்லுங்கள். அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது.

எந்தக் கட்சியையும் சேராமல் தேர்தலைக் கவனிக்கிறவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். பஃப்ரல் அமைப்பு 1987இலிருந்தும், தேர்தல் வன்முறைகளைக் கண்காணிப்பதற்கான நிலையம் 1997இலிருந்தும் இந்த வேலையைச் செய்துவருகின்றன. இவர்கள் வாக்களிப்பு நாளில் மட்டும் வந்து போகிறவர்கள் என்று நான் முன்பு நினைத்திருந்தேன். 2023இல் நடந்ததைப் பார்த்த பிறகுதான் எண்ணம் மாறியது.

நினைவிருக்கும். 2023 மார்ச் 9ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் என்று அறிவித்தார்கள். நாடு முழுவதும் 80,000க்கு மேற்பட்டவர்கள் வேட்பாளராக நின்றார்கள். பணம் இல்லை என்று திறைசேரி கையை விரித்தது. ஏப்ரல் 25 என்றார்கள், அதுவும் நடக்கவில்லை. மார்ச் மாதத்திலேயே சபைகளின் காலம் முடிந்து, பிரதேச சபைகள் அதிகாரிகளின் கைக்குப் போயின. பஃப்ரல், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போன்றவை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி, தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று தீர்ப்பு வந்தது. பிறகு பழைய வேட்புமனுக்கள் ரத்தாகி, புதிதாகக் கோரப்பட்டு, 339 சபைகளுக்கு 2025 மே மாதம் வாக்களிப்பு நடந்தது.

அந்த இரண்டு வருடத்தில் நமக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துக்குள் சபை வேலை செய்வதற்குத் தடையாகவே இருந்துவந்தது. தோட்டத்துப் பாதையென்றால் "அது கம்பனி நிலம்" என்று பதில் வரும். 2018இல்தான் அந்த 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. வழி திறந்து ஐந்து வருடத்தில் சபையே இல்லாமல் போயிற்று. கானை வெட்டச் சொல்லவும், பாதை விளக்கைக் கேட்கவும் பிடித்துக்கொள்ள ஓர் அங்கத்தவர் இல்லை. மழைக்கு லயத்துக் கோடிக்குள் தண்ணீர் வந்தபோது நாங்கள் யாரிடம் போய் நின்றோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

பெண்களுக்கு 25 சதவீதம் என்ற சட்டம் 2016இல் வந்து, 2018 தேர்தலில் நடைமுறையானது. அதற்கு முன் நாடு முழுவதும் உள்ளூராட்சியில் பெண்கள் சுமார் 2 சதவீதம்தான். பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் வட்டார வேட்பாளர்களில் பத்தில் ஒரு பங்கு பெண்கள் இருந்தால் போதும். மேலதிகப் பட்டியலில் பாதி. பட்டியலில் யாரை எடுப்பது என்பதைத் தேர்தல் முடிந்த பிறகு கட்சி தீர்மானிக்கிறது. அங்கே தோட்டத்துப் பெண்ணின் பேர் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. வட்டாரத்திலேயே நிறுத்துங்கள் என்று நாம் கேட்கவேண்டியது அதனால்தான்.

தேர்தல் வந்தால் சாராயமும் வரும், கூரைத் தகரமும் வரும், அரிசிப் பொதியும் வரும். கொடுப்பதும் குற்றம், வாக்குக்காக வாங்குவதும் குற்றம். "எந்த லயம் எதுக்குப் போட்டதுன்னு எங்களுக்குத் தெரியும்" என்று மிரட்டுகிறவர்களும் உண்டு. 2018 முதல் வாக்கை வட்டாரத்திலேயே எண்ணுவதால் இந்தப் பயம் கூடியிருக்கிறது. வட்டாரத்தின் மொத்தக் கணக்கு வெளியே தெரியும், உண்மை. நீங்கள் மறைவில் நின்று இட்ட ஒரு புள்ளடி எவருக்கும் தெரியாது.

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். வாக்களிக்கச் சம்பளத்துடன் லீவு கேட்க உரிமை உண்டு. 40 கிலோமீட்டருக்குள் என்றால் அரை நாள், 40இலிருந்து 100 வரை ஒரு நாள். எழுத்தில் கேட்கவேண்டும். வாக்காளர் அட்டை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. தபால் கந்தோரில் கேட்கலாம். அடையாள அட்டை இல்லாமல்தான் வாக்களிக்க முடியாது. அது இல்லாதவர்கள் முன்கூட்டியே கிராம உத்தியோகத்தர் மூலம் தற்காலிக அட்டைக்கு விண்ணப்பிக்கவேண்டும்.

பெரியம்மாவின் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். தேர்தலுக்குப் பிறகு கிராம உத்தியோகத்தர் கணக்கெடுக்க வந்த நாளில் நான் அரைப் பேரை விட்டுவிட்டு அங்கே போய் நின்றேன். பெரியம்மா அதே கைக்குட்டையை அவிழ்த்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். அவர் எழுதி முடித்ததும், "எழுதினத வாசிச்சுக் காட்டச் சொல்லு புள்ள" என்றார். வாசித்தார். பேரில் ஓர் எழுத்துப் பிழை. திருத்தச் சொன்னோம், அந்த மனுசனும் முகம் சுளிக்காமல் திருத்தினார்.

"அடுத்த எலக்சன் எப்ப?" என்று பெரியம்மா கேட்டார். மாகாண சபை என்றேன். நமது சப்ரகமுவ மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2012 செப்டம்பரில். அதன் காலம் 2017இல் முடிந்தது. 2025 மே மாதம் நாங்கள் வரிசையில் நின்றபோதும் அதற்குத் தேர்தல் வைத்திருக்கவில்லை. "அப்ப அதுக்கும் கோட்டுக்குப் போகணுமா?" என்று கேட்டுவிட்டு, அட்டையை மறுபடி முடிந்துகொண்டு உள்ளே போனார்.

உங்கள் லயத்தில் பேர் விடுபட்டவர்கள் யாராவது இருந்தால், எப்படி விடுபட்டது என்று எனக்கு எழுதுங்கள். ஓர் அஞ்சலட்டை போதும். அடுத்த இதழில் அவற்றை வைத்துப் பேசுவோம்.