நாலு தந்தியும் தனித்தனியா பேசணும்!

யுகுலேலே வாங்கின முதல் வாரம் எல்லாருமே ஹீரோதான். சி, ஏ மைனர், எஃப், ஜி-7னு நாலே நாலு கார்ட் கத்துக்கிட்டு சரக் சரக்குனு அடிச்சா, பக்கத்து ரூம் பசங்க தலையாட்டுவாங்க. மூணாவது வாரமும் அதே சரக் சரக்தான். நமக்கே போரடிச்சு, வாத்தியம் அலமாரி மேல ஏறிடும். அதைக் கீழே இறக்குற மந்திரம்தான் ஆர்பெஜ்ஜியோ.

பேரைக் கேட்டு மிரளாதீங்க. கார்டில் உள்ள ஸ்வரங்களை மொத்தமாக அடிக்காமல், ஒவ்வொன்றாக மீட்டுவது. அவ்வளவுதான் மேட்டர். ஹார்ப் வாத்தியத்துக்கு இத்தாலிய மொழியில் 'ஆர்ப்பா'. அதிலிருந்து வந்த பெயர் இது. 'இளைய நிலா' (1982) பாட்டோட ஆரம்பத்துல கிடார் சொட்டுச் சொட்டா விழுமே, அந்த ஃபீல்!

1879-ல் மதேரா தீவிலிருந்து ஹவாய்க்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன போர்த்துக்கீசியர்கள் கையோடு கொண்டுபோன குட்டி வாத்தியத்தின் வாரிசுதான் யுகுலேலே. ஆள் குட்டி, ஆனா குசும்பு ஜாஸ்தி. கிடார்ல முகத்துக்குப் பக்கத்துல இருக்கிற தந்திதான் ரொம்ப கனமா பேசும். இதுல அந்த இடத்துல இருக்கிற நாலாவது தந்தி ஜி, 392 ஹெர்ட்ஸ். அடுத்து இருக்கும் மூணாவது தந்தி சி, சுமார் 262 ஹெர்ட்ஸ்தான். அதாவது, வழக்கமான ட்யூனிங்கில் ஆகக் கனமான குரல் மூணாவது தந்திக்குத்தான்.

அதனால என்ன? சி கார்டைப் பிடிச்சு 4-3-2-1னு வரிசையா மீட்டிப் பாருங்க. 'ப ச க ச'னு குதிக்கும். அதையே 3-2-4-1னு மாத்துங்க. 'ச க ப', அப்புறம் மேல் 'ச'! படிக்கட்டு ரெடி. மூணு, நாலு ரெண்டுக்கும் கட்டை விரல், ரெண்டுக்கு ஆள்காட்டி விரல், ஒண்ணுக்கு நடுவிரல். மேலே சொன்ன நாலு கார்டுக்கும் இதே வரிசை செட்டாகும்.

இப்போ இடது கை. ஏ மைனரிலிருந்து எஃப் போக, ஆள்காட்டி விரலை மட்டும் சேர்த்தால் போதும். எஃப்பிலிருந்து ஜி-7 போகும்போது அந்த விரல் அசையவே வேண்டாம். எது நகரணும், எது நகரக் கூடாதுன்னு தெரிஞ்சாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு.

மெட்ரோனோமில் 60 வையுங்க. செகண்டுக்கு ஒரு தந்தி. ஒரு கார்டுக்கு நாலு செகண்ட். 'இவ்ளோ ஸ்லோவா?'னு தோணும். ஸ்லோவா வாசிச்சாத்தான் குட்டு வெளிப்படும். சரக் சரக்கில் ஒரு தந்தி சரியா அழுந்தலைன்னா மத்த மூணும் மறைச்சிடும். ஆர்பெஜ்ஜியோவில் மறைக்க ஆளே இல்லை. 'டொக்'னு சத்தம் கேட்டா, அந்த விரல் ஃப்ரெட் கம்பியை விட்டுத் தள்ளி நிக்குதுன்னு அர்த்தம். கம்பியை ஒட்டினாப்ல நகர்த்துங்க, மணியா ஒலிக்கும். தப்பில்லாம வந்த பிறகுதான் 65, 70.

ஒரே நைட்ல அஞ்சு யூனிட்டை முடிச்சு பாஸாகிற பரம்பரை பாஸ் நாம. விரல்கிட்ட மட்டும் அந்தப் பருப்பு வேகாது. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் வாசிச்சுட்டு வாரம் முழுக்க தொடாம இருக்கிறதை விட, மெஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி தினம் பத்து நிமிஷம் தேவலாம். மார்க் கிடையாது, அட்டெண்டன்ஸ் கிடையாது, யாரும் கேட்க மாட்டாங்க. நாமளா உட்கார்ந்தாத்தான் உண்டு. நாலு வருஷப் படிப்புல அப்படி ஒண்ணாவது வேணாமா?

அலமாரி மேல தூசி தட்டுற சத்தம் கேட்குதே... வரட்டா!