டொம்ளூர் யாருடைய ஊர்?

காவிரியில் தண்ணீர் குறையும் வருடங்களில் பெங்களூர்த் தமிழர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டொம்ளூர் சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுப் படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பிக் கொள்வார்கள். கூடவே ஒரு வரி: "பாத்தீங்களா சார், இது நம்ம ஊருதான்!" 1991 கலவரத்தைப் பார்த்தவர்களுக்கும், 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கும் அதில் ஓர் ஆறுதல். புரிகிறது. ஆனால் அந்தக் கல் நமக்குச் சாட்சி சொல்லாது என்பது என் கட்சி.

நான் பேங்க் ஆசாமி. யாராவது கடன் கேட்டுப் பத்திரத்தை நீட்டினால் மூன்று கேள்விகள்தான் கேட்பேன். எழுதிக் கொடுத்தது யார்? எதை? யாருக்கு? டொம்ளூர்க் கல்லையும் அப்படியே பார்ப்போமே.

எழுதிக் கொடுத்தது யார்? ஹொய்சள மன்னன் வீர ராமநாதன். காலம் 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஹொய்சளர்கள் கன்னட அரச குலம். பேலூர், ஹளேபீடு கோயில்களைக் கட்டியவர்கள். ஆனால் இந்த ராமநாதனின் தலைநகரம் எது தெரியுமோ? நம்ம ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணனூர். ஆக, கன்னட வம்சத்து ராஜா, தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு, இன்றைய பெங்களூருக்குள் இருக்கும் ஊருக்குத் தமிழில் சாசனம் கொடுக்கிறார். இதில் யாரை யார் வந்தேறி என்பது?

எதை? தொம்பலூர் என்ற கிராமத்தின் வரி வருமானத்தை. அந்த ஊருக்கு தேசிமாணிக்கப்பட்டணம் என்று இன்னொரு பெயரும் இருந்திருக்கிறது. பெயரே சொல்கிறது, வியாபாரிகள் புழங்கிய இடம். கெம்பே கௌடா 1537-ல் பெங்களூர்க் கோட்டையைக் கட்டுவதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கும் மேல் முந்திய ஊர்.

யாருக்கு? சொக்கப்பெருமாளுக்கு. தமிழனுக்கும் இல்லை, கன்னடிகனுக்கும் இல்லை. பத்திரத்தில் இல்லாத வாரிசுகள் நாம்தான் இத்தனை நாளாக அடித்துக் கொள்கிறோம்.

இன்னொன்று. இந்தக் கல்வெட்டுகளை அச்சில் ஏற்றிக் காப்பாற்றியது எது? மைசூர் அரசாங்கம். அதன் தொல்லியல் துறைக்காக லூயிஸ் ரைஸ் தொகுத்த எபிகிராபியா கர்னாடிகாவின் பெங்களூர்த் தொகுதி 1905-ல் வந்தது. கன்னட ராஜ்ஜியத்தின் செலவில் தமிழ்க் கல்வெட்டுகளும் அதில் ஏறின. இதையும் அந்தப் படத்தோடு சேர்த்து அனுப்பினால் நியாயமாக இருக்கும்.

அதற்குப் பிறகு டொம்ளூருக்கு நடந்ததைப் பாருங்கள். 1809-ல் பக்கத்தில் கண்டோன்மென்ட் வந்தது. 1940-ல் கொஞ்ச தூரத்தில் விமானத் தொழிற்சாலை, அப்புறம் ஏர்போர்ட். 2008-ல் ஏர்போர்ட் தேவனஹள்ளிக்குப் போய்விட, டொம்ளூர் வழியாகப் போகும் ரோட்டின் பெயர் மட்டும் 'ஓல்டு ஏர்போர்ட் ரோடு' என்று மிச்சம். டொம்ளூர் ஏரி லே-அவுட் ஆனது. பக்கத்துச் சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானம் ஆனது. அந்தக் காலத்தில் ஒரு கிராமத்தின் வரி என்றால் விளைச்சல், விளைச்சல் என்றால் ஏரி. ராஜா தானம் கொடுத்த வருமானத்தின் ஆதாரத்தையே தூர்த்துவிட்டோம். 2022 செப்டம்பர் மழையில் கிழக்கு பெங்களூரில் சாஃப்ட்வேர்காரர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்களே, ஏரியையும் ராஜகாலுவேயையும் அடைத்ததன் பலன் அது. அடைத்ததில் எல்லா மொழிக்காரர்களுக்கும் பங்கு உண்டு. வீட்டுக் கடன் கொடுத்த எங்கள் தொழிலுக்கும்தான்.

ஊர் யாருடையது என்று சண்டை போடுகிறவர்கள், ஊரில் என்ன மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே இல்லை. என் வருத்தம் அதுதான்.

என்னைக் கேட்டால், அடுத்த முறை அந்தப் படத்தை அனுப்பாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரைக் கூட்டிக்கொண்டு டொம்ளூர்க் கோயிலுக்குப் போய், கல்லில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுங்கள். அடுத்த ஞாயிறு அவர் உங்களை பேகூருக்கு அழைத்துப் போகட்டும். அங்கே சுமார் 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு ஒன்றில் 'பெங்களூரு' என்ற பெயரே இருக்கிறது. அதை அவர் படிக்க, நீங்கள் கேளுங்கள். போகும் வழியில் ஏரி ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.