பழைய வட்டு யாருக்குச் சொந்தம்?

ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வீடியோ கேமில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இதில் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

சோனியின் பிளேஸ்டேஷன் 5, 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த விளையாட்டுகள் அநேகமாக எல்லாமே அதில் ஓடும். அதற்கு முந்தைய மூன்று தலைமுறை வட்டுகளில் ஒன்றுகூட ஓடாது.

"உள்ளே இருக்கும் சிப் வேறு சார்" என்பார்கள். பிளேஸ்டேஷன் 3-க்கு இது ஓரளவு நியாயம். அதிலிருந்த 'செல்' சிப்பின் அமைப்பே தனி. சரி, பிளேஸ்டேஷன் 2-க்கு என்ன சாக்கு? அந்தக் காலத்து விளையாட்டுகள் சிலவற்றைச் சோனியின் இணையக் கடையிலேயே மறுபடி விற்கிறார்கள். புதிய பெட்டியில் அவை நன்றாக ஓடுகின்றன. பழைய வட்டுகளில் பெரும்பாலானவை டிவிடிதான். சினிமா டிவிடியைப் போட்டால், வட்டு போடும் வசதியுள்ள பெட்டி படம் காட்டுகிறது. விளையாட்டு டிவிடியைப் போட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது! முடியாமல் இல்லை, மனமில்லை. விற்ற பொருளையே இன்னொரு முறை விற்கலாம் என்ற கணக்கு.

மைக்ரோசாஃப்டும் வியாபாரிதான். ஆனால் 2001-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸின் விளையாட்டுகளில் சில, 2020-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் ஓடுகின்றன. வட்டு கையில் இருப்பவரிடம் மறுபடி காசு கேட்பதில்லை.

நமக்கும் இதில் இழப்பு உண்டு. 2009-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு 'தேசி அட்டா' என்றொரு விளையாட்டு வந்தது. ஐதராபாத்தில் உருவானது. கபடியும் கில்லியும் அதில் உண்டு. அந்த வட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் பிள்ளை, புதிய பெட்டியில் அதைப் போட்டு விளையாட முடியாது.

அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. கடையிலும் கிடைக்காது, கையிலிருப்பதும் ஓடாது என்றால் மிச்சம் என்ன?

புது அலமாரி வாங்கியதற்காக வீட்டிலிருக்கும் புத்தகங்களை யாராவது எடைக்குப் போடுவார்களா?

பெற்றோர்களே, பெட்டி வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் வீட்டில் இருக்கும் வட்டுகள் இதில் ஓடுமா?" நாலு பேர் கேட்டால்தான் செய்தி மேலே போகும்.