நைட் டூட்டி விலக்கு ரத்து: சங்கத்தின் நிலைப்பாடு

மனநலச் சிகிச்சையில் இருக்கும் செவிலியர்களுக்கு நைட் டூட்டியிலிருந்து தரப்பட்டுவந்த விலக்கை நிர்வாகம் சுற்றறிக்கை மூலம் ரத்து செய்துவிட்டது. இதற்கு முன் நடந்த பேச்சுவார்த்தைகளும் பொதுக்குழுவில் எழுந்த வாக்குவாதமும் உறுப்பினர்கள் அறிந்தவை. சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்பது செயற்குழுவின் பெரும்பான்மை முடிவு.

தூக்கம் கெடுவது எல்லா ஊழியர்களுக்கும் பொதுவானது என்கிறது சுற்றறிக்கை. பொதுவானதுதான். ஆனால் பைபோலார் உள்ளவருக்கு அது அசதியோடு நின்றுவிடுவதில்லை. தூக்கம் குறைவது மேனியாவின் அறிகுறி மட்டுமல்ல, அதைக் கிளப்பிவிடும் காரணமும்தான் என்று தாமஸ் வேரும் உடன் ஆய்வாளர்களும் 1987-லேயே எழுதிவிட்டார்கள். இரவில் கண்ணில் படும் வெளிச்சம் மெலடோனின் சுரப்பை அடக்கி, உடலின் நேரக்கணக்கைத் தள்ளிப்போடுகிறது. நம் ஐசியூவில் விடிய விடிய ட்யூப்லைட் எரிகிறது.

சுற்றறிக்கையை எழுதியவர்கள் மனநல மருத்துவர் தரும் ஒரு சீட்டையாவது கையில் எடுத்துப் பார்த்தார்களா? 0-0-1 என்று இருக்கும். அந்தக் கடைசி 1 இரவு மாத்திரை. பலருக்கு அது குவெட்டியாபின் போலத் தூக்கத்தில் தள்ளும் மருந்து. இரவு 7 முதல் காலை 7 வரை டூட்டியில் நிற்பவர் அதை எப்போது போடுவது? ஒன்பது மணிக்குப் போட்டால், இரண்டு மணிக்கு இன்சுலின் அளவு பார்த்து ஏற்றும்போது கண் சொருகும். காலையில் வீட்டுக்குப் போய்ப் போட்டால், மாலை டூட்டிக்குக் கிளம்பும்போதும் தலை கனக்கும். போடாமலே விட்டால் என்ன ஆகும் என்பதை வார்டில் நாமே பார்த்திருக்கிறோம். இந்த மூன்றில் எதை நிர்வாகம் பரிந்துரைக்கிறது? லித்தியம் சாப்பிடுபவர்கள் கதை இன்னும் மோசம். கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும். டூட்டியோடு மாத்திரை நேரமும் மாறிக்கொண்டே இருந்தால் அந்த அளவை எதோடு ஒப்பிடுவது? நோயாளிகளுக்கு "நேரத்துக்கு மாத்திரை போடுங்கள்" என்று தினமும் சொல்லும் வேலை நம்முடையது. அதைச் சொல்பவருக்கே அந்த நேரத்தை மறுக்கிறது இந்த உத்தரவு.

தூக்கம் கெடுவதன் பாதிப்பு எல்லா மனநலப் பிரச்சினைக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று சங்கம் சொல்லவில்லை. ஓர் இரவு கண்விழித்தால் மனச்சோர்வு குறைவதும் உண்டு என்று நிர்வாகத் தரப்பு மருத்துவர் பேச்சுவார்த்தையில் எடுத்துச் சொன்னார். உண்மைதான். மறுநாள் தூங்கி எழுந்ததும் பெரும்பாலோருக்கு மனச்சோர்வு திரும்பிவிடும் என்ற மறுபாதியை அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மனநோயையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஊழியருக்கு உரிய வசதி செய்து தருவது அரசு நிறுவனத்தின் கடமை என்கிறது பிரிவு 20. 40 சதவீத மாற்றுத்திறன் சான்றிதழ் இடஒதுக்கீடு போன்றவற்றுக்கான அளவுகோல். பிரிவு 20 அதைக் கேட்கவில்லை. இரவுப் பணிக்கு உடல்நலம் இடம் தராத ஊழியரை, இயன்றவரை அதுபோன்ற வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1990 உடன்படிக்கையும் சொல்கிறது.

விலக்கு பெறாதவர்கள் தலையில் கூடுதல் இரவுகள் விழுகின்றன என்ற உறுப்பினர்களின் குறை நியாயமானது. காலிப் பணியிடங்களை நிரப்பாமல் விட்டு நம்மை ஒருவரோடொருவர் மோதவிட்டது நிர்வாகம்தான். விலக்கு பெறுபவர்கள் ஞாயிறு, பண்டிகை நாள் டூட்டிகளைக் கூடுதலாக ஏற்கலாம் என்று முதற்கட்டமாக முன்வைக்கிறோம். மனநல மருத்துவரின் பரிந்துரை உள்ளவர்களுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுஆய்வுக்கு உட்பட்டு, விலக்கு தொடர வேண்டும். 'மறுஆய்வு' என்பதைச் சேர்த்ததைச் செயற்குழுவில் சிலர் எதிர்த்தார்கள். அதையும் பதிவு செய்கிறோம்.

ஒன்றில் மட்டும் சமரசம் கிடையாது. வார்டு சுவரில் ஒட்டிய டூட்டி லிஸ்டில், விலக்கு கேட்டவர்களின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'சைக்' என்று எழுதியிருக்கிறார்கள். நோயாளியின் உறவினர்கூட நின்று படிக்கும் இடம் அது. அந்தத் தாள் உடனே கிழிக்கப்பட வேண்டும், எழுதியவர் மீது விசாரணை வேண்டும். இது தொடர்பாக நிர்வாகத்திடம் மெமோ வாங்கியவர்கள் தனியாகப் பதில் எழுதித் தர வேண்டாம். சிகிச்சைக் காகிதங்களை யாரிடமும் கொடுக்காமல் முதலில் கிளைச் செயலாளரைப் பாருங்கள்.